குழாய் எங்கே போய் முடிகிறது? நகரமைப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தரும் நகரமைப்பு அலுவலர்களுக்கும், மழைநீர் வடிகால்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒன்பது வருடங்களாக மாதம் ஒருமுறை ஒரு சிற்றோடையில் இறங்குகிறேன். கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை வெள்ளைத் தட்டில் விட்டு எண்ணி, நோட்டில் எழுதி வைக்கிறேன். நான் பொறியாளர் இல்லை. அந்த நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளங்கை அகலக் கல் ஒன்றைத் தூக்கித் திருப்பினேன். தட்டையான உடல், மூன்று வால், வயிற்றின் இரு பக்கமும் இறகு இறகாகத் துடிக்கும் செவுள்கள். மேஃபிளை என்னும் பூச்சியின் இளம் பருவம் அது. பக்கத்திலேயே நகத்தின் அளவுக்கு ஒரு மணல் குழல். மணல் துகள்களைத் தன் வாய்ப் பட்டிழையால் ஒட்டி, அதற்குள் குடியிருக்கும் கேடிஸ்பிளைப் புழு தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. அன்று புரட்டிய பத்துக் கற்களில் பதினான்கு வகை உயிரினங்கள்.

போன மாதம் அதே வளைவில், அதே ஆலமர வேருக்குக் கீழே உட்கார்ந்தேன். கல்லைத் தூக்கப் பார்த்தால் வரவில்லை. பாதிக்கு மேல் நுண்மணலில் புதைந்து கிடந்தது. பிடுங்கி எடுத்தபோது அடிப்பக்கம் கறுத்து வழுவழுவென்று இருந்தது. சேற்றில் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. பிராணவாயு குறைந்த நீரிலும் பிழைக்கும்படி உடம்பில் ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருளை வைத்திருப்பவை அவை. அவற்றோடு இரண்டு வகை நத்தை. பத்துக் கல்லுக்கும் சேர்த்து மொத்தம் நான்கு வகை.

இந்த ஒன்பது வருடத்தில் ஓடைக்கரையில் எந்த ஆலையும் வரவில்லை. யாரும் லாரியில் கழிவு கொண்டுவந்து கொட்டவில்லை. ஓடையை ஆக்கிரமித்து ஒரு சுவர்கூட எழும்பவில்லை. நடந்தது ஒன்றுதான். ஓடையிலிருந்து இருபது நிமிட நடைத் தூரத்தில், மேட்டில் இருந்த புதர்ச் சரிவு வீட்டுமனைகளாக மாறியது. கரையிலிருந்து விடவேண்டிய இடைவெளிக்குப் பல மடங்கு தள்ளித்தான் கட்டினார்கள். சாலை போட்டார்கள், சாலையோரம் வடிகால் கட்டினார்கள், எல்லா வடிகாலையும் ஒரு பெரிய குழாயில் சேர்த்து ஓடையில் திறந்துவிட்டார்கள். வரைபடத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வடிகால் சொன்னபடி வேலை செய்கிறது. மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்பதே இல்லை.

ஓடையின் நோய்க்கு அதன் கரையில் காரணம் தேடுவது நம் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. குப்பை கிடக்கிறதா, சாக்கடை கலக்கிறதா என்று பார்க்கிறோம். அவையும் இருக்கின்றன, அவற்றைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஓடை என்பது இரண்டு கரைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீர் மட்டும் இல்லையே. அதற்குத் தண்ணீர் தரும் சரிவு முழுதும் ஓடைதான். அந்தச் சரிவில் எங்கோ ஒரு மனைப்பிரிவின் வரைபடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடும்போது, ஓடையின் ஆயுளையும் சேர்த்தே தீர்மானிக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

மண்ணில் விழும் மழைக்கு என்ன ஆகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. அமெரிக்க மத்திய அரசுத் துறைகள் பல சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஓடை மீட்புக் கையேட்டில் வரும் எண்கள் இவை. இயற்கையான செடிகொடி மூடிய நிலத்தில் பெய்யும் மழையில் 10 விழுக்காடுதான் மேலாக வழிந்து ஓடுகிறது. ஏறத்தாழ பாதி மண்ணுக்குள் இறங்குகிறது. மீதி 40 விழுக்காடு ஆவியாகவும் இலைகள் வழியாகவும் காற்றுக்குத் திரும்புகிறது. முக்கால் பங்குக்கு மேல் கூரையும் தாரும் கான்கிரீட்டும் மூடிய நிலத்திலோ வழிந்தோடுவது 55 விழுக்காடாகிறது. மண்ணுக்குள் இறங்குவது 15 ஆகச் சுருங்குகிறது. ஊருக்கு ஊர் மண்ணைப் பொறுத்து எண்கள் மாறும், போக்கு மாறாது.

மண்ணுக்குள் இறங்கும் அந்தப் பாதிதான் ஓடையின் உயிர். மழை விட்ட பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கசிந்து கசிந்து ஊற்றுக்கண் வழியாக ஓடைக்கு வந்து சேரும் நீர் அது. வழியில் மண் அதை வடிகட்டுகிறது, குளிர்விக்கிறது. மழையில்லா மாதங்களிலும் ஓடை ஓடுகிறதென்றால் இந்தக் கசிவால்தான்.

கூரையைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். முந்நூறு வீடு என்றால் கூரைகளில் மட்டும் 3 லட்சம் லிட்டர். சாலையையும் வாசல் தளத்தையும் சேர்த்தால் இன்னும் எவ்வளவோ. 10 மில்லிமீட்டர் என்பது பெருமழை இல்லை, சாதாரண மழை. அந்தச் சரிவு புதராக இருந்தபோது இப்படி ஒரு மழைக்கு ஓடையில் நீர்மட்டம் விரலளவுகூட ஏறாது. மண் எல்லாவற்றையும் குடித்துவிடும். இப்போது அதே மழை சில நிமிடங்களில் ஓடையில் இருக்கிறது.

அது எப்படி வந்து சேர்கிறது என்று ஒருநாள் பார்த்தேன். வெயில் காய்ந்த ஒரு பிற்பகல், மேகம் கட்டிக்கொண்டு வந்தது. குழாய் வாயருகே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை தொடங்கி ஐந்து நிமிடம் வரை குழாயில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளிருந்து ஒரு காற்று வந்தது, சூடேறிய தார் வாசனையோடு. அதன் பின்னாலேயே கறுப்பாகத் தண்ணீர். மேலே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம், சிகரெட் துண்டுகள், சருகு, தெர்மோகோல் துணுக்குகள். கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. கணுக்கால் ஆழத்துக்கு ஓடிய ஓடை கால் மணி நேரத்துக்குள் என் முழங்காலைத் தாண்டிவிட்டது. எதிர்க்கரையில் மண் பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. அடுத்த மூன்று மணி நேரத்தில் எல்லாம் அடங்கி, ஓடை பழையபடி நூலாகிவிட்டது. மறுநாள் காலை வந்து பார்த்தவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரிந்திருக்காது. புல் மட்டும் ஓடும் திசையில் படுத்துக் கிடந்தது.

அந்த வெதுவெதுப்பை நான் கையால் உணர்ந்தேன், கருவியால் அளந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்தில் நகர்ப்புற ஓடைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், கோடைமழை பெய்ததும் ஓடையின் வெப்பம் சராசரியாக 3.5 டிகிரி செல்சியஸ் திடீரென்று எகிறி, தணிய ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது தெரியவந்தது. குளிர்ந்த நீரில் பழகிய பூச்சிக்கும் மீனுக்கும் அது காய்ச்சல் மாதிரி வந்து போகிறது. அதுவும் ஒவ்வொரு மழைக்கும்.

கறுப்புத் தண்ணீரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் இப்படிப்பட்ட நீரில் என்ன இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோஹோ சால்மன் மீன்கள் கடலிலிருந்து முட்டையிட ஓடைகளுக்கு ஏறி வரும். நகரத்து ஓடைகளுக்கு வந்தவை மட்டும், மழை பெய்த கையோடு தள்ளாடி, சுழன்று, சில மணி நேரத்தில் செத்தன, வயிற்றில் முட்டை இருக்கும்போதே. ஓடையை அழகுபடுத்தி, கல் போட்டு, மரம் நட்டுச் சீரமைத்த இடத்திலும் செத்தன. ஏறத்தாழ இருபது வருடம் காரணம் தேடினார்கள். 2020 டிசம்பரில்தான் விடை வந்தது. டயர் ரப்பர் ஓசோன் பட்டு வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் என்ற நஞ்சாகிறது. சாலையில் தேயும் டயரின் தூள் மழையோடு வடிகாலில் இறங்கி ஓடைக்குப் போகிறது. அங்கே யாரும் விஷம் கலக்கவில்லை. எல்லோரும் வண்டிதான் ஓட்டினார்கள்.

இந்தக் கதையின் இன்னொரு பாதியை உங்களுக்காகவே சொல்கிறேன். அந்த மீன்களைக் கொன்ற அதே சாலைநீரை, மணலும் மக்கிய உரமும் மரப்பட்டையும் கலந்த மண்படுகை வழியாக இறக்கி, வடிந்த நீரில் மீன்களை விட்டார்கள். மீன்கள் பிழைத்துக்கொண்டன. நஞ்சு எது என்று பெயர் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடந்த சோதனை அது. குழாய்க்கும் ஓடைக்கும் நடுவே கொஞ்சம் மண் இருந்திருந்தால் போதும்.

பெருக்கு கரையை அரிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கல் மணலில் புதைந்தது அதனால்தான். அமெரிக்க நிலவியலாளர் எம். கார்டன் வால்மன் 1967இலேயே இந்தச் சுழற்சியை எழுதி வைத்துவிட்டார். முதலில் கட்டுமானக் காலம். மேல்மண்ணைப் பெயர்த்துத் திறந்து போட்டிருக்கும்போது மழை வந்தால், காட்டிலிருந்து வருவதைப்போல் பல மடங்கு மண் கரைந்து ஓடைக்கு வருகிறது. கற்களின் இடுக்குகளை அது அடைத்துவிடுகிறது. மேஃபிளை ஒளிந்து வாழ்வது அந்த இடுக்கில். மீன் முட்டைக்குக் காற்றோட்டமான நீர் கிடைப்பதும் அந்த இடுக்கில். கட்டி முடித்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. எல்லாவற்றையும் தளம் போட்டு மூடிவிட்டதால் மேலிருந்து மண் வருவது நின்றுபோகிறது, தண்ணீர் மட்டும் பலமாக வருகிறது. அந்தத் தண்ணீர் தனக்கு வேண்டிய மண்ணை ஓடையின் அடியிலிருந்தும் கரையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஓடை ஆழமாகிறது, அகலமாகிறது. என் ஆலமரத்தின் வேர்கள் இன்று வெளியே தொங்குகின்றன.

ஓடை ஆழமானால் என்ன, நல்லதுதானே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஓடையின் அடிமட்டம் இறங்கும்போது கரையோர நிலத்தடி நீரும் அதோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. கரை மரங்களின் வேர்மண் ஈரம் காய்ந்து, நீருக்கும் வேருக்கும் தொடர்பு அறுகிறது. அந்த ஈரமண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நீரிலுள்ள நைட்ரேட்டைச் சிதைத்துக் காற்றுக்கு அனுப்புபவை. மண் காய்ந்ததும் அந்த வேலை நின்றுபோகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஓடைகளில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கரையில் மரம் இருக்கிறது, பார்க்கப் பச்சையாக இருக்கிறது, ஆனால் நீரைச் சுத்தம் செய்யும் வேலையைக் கரை செய்வதில்லை. கரையோரம் இத்தனை மீட்டர் பசுமைப் பட்டை விட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பட்டைக்கு அடியில் குழாயைப் புதைத்து ஓடைக்குக் கொண்டுபோனால், பட்டை வழியாக ஒரு சொட்டும் போகாதே.

எவ்வளவு தளம் போட்டால் ஓடை கெடும்? நீங்கள் கேட்கக்கூடிய முதல் கேள்வி இதுதான், உங்களுக்கு எண் வேண்டும். அமெரிக்க ஓடைப் பாதுகாப்பு வல்லுநர் டாம் ஷூலர் 1994இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விடை தந்தது. நீர்பிடிப்பில், அதாவது ஓடைக்கு நீர் தரும் சரிவில், 10 விழுக்காடு நீர்புகாத் தளமானால் ஓடையில் கேடு தெரியத் தொடங்குகிறது, 25ஐத் தாண்டினால் ஓடை தன் உயிர்களைத் தாங்க முடியாத நிலைக்குப் போகிறது. பல ஊர்களின் விதிகளில் இந்தப் 10 ஏறிவிட்டது. 10 வரை பயமில்லை என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2011இல் மேரிலாந்து ஓடைகளின் பூச்சிகளைத் தனித்தனி வகையாக எடுத்து ஆராய்ந்தபோது, குறைந்துபோன வகைகளில் பெரும்பாலானவை 2 விழுக்காட்டுக்குள்ளேயே சரியத் தொடங்கியிருந்தன. மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் தெரியாது. முதலில் போவது மென்மையானவை, அவற்றின் இடத்தில் எதையும் தாங்குபவை வந்து நிரம்பிவிடுகின்றன. என் நோட்டிலும் அப்படித்தான். பூச்சிகளின் எண்ணிக்கை குறையாத ஆண்டிலேயே வகைகள் பாதியாகியிருந்தன.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வீடே கட்டக் கூடாதா என்று நீங்கள் கேட்டால், அந்தக் கோபம் நியாயமானது. மனிதர்கள் எங்காவது குடியிருக்கத்தான் வேண்டும். நானும் கான்கிரீட் கூரைக்கு அடியில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆனால் தளம் ஒன்று, அதை ஓடையோடு இணைக்கும் குழாய் வேறொன்று. நீரியலாளர் லூனா லியோபோல்ட் 1968இல் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்துக்காக, நகரத் திட்டமிடுவோருக்கென்றே ஒரு சிறு வழிகாட்டி எழுதினார். அதில் வெள்ளம் எப்படிப் பெருகும் என்பதைக் காட்டும் படத்தில் ஒரு அச்சில் நீர்புகாத் தளத்தின் பங்கு, இன்னொரு அச்சில் மழைநீர்க் குழாய் போட்ட பரப்பின் பங்கு. இரண்டையும் அவர் அன்றைக்கே பிரித்துப் பார்த்திருக்கிறார். பிற்பாடு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஓடை ஆய்வாளர் கிறிஸ் வால்ஷும் உடன் உழைத்தவர்களும் ஓடை ஓடையாகப் போய்ப் பார்த்ததில், ஓடையின் நலத்தை எடுத்துச் சொல்வதில் மொத்தத் தளத்தைவிடக் குழாயால் நேரடியாக இணைந்த தளத்தின் அளவு வலுவாக இருந்தது. கூரைநீர் தோட்டத்தில் விழுந்து மண்ணில் ஊறினால் அந்தக் கூரை ஓடைக்குப் பெரிய சுமை இல்லை. அதே கூரை நீர் குழாயில் இறங்கினால், வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஓடைக்கரையில் கட்டியதற்குச் சமம்.

இதனால்தான் கரையில் செய்யும் மருத்துவம் பலிப்பதில்லை என்று நினைக்கிறேன். கரை அரிக்கிறது என்றதும் கல் பதிக்கிறோம், கான்கிரீட் சுவர் எழுப்புகிறோம். அரிப்பு அடுத்த வளைவுக்குப் போகிறது. ஓடையை வளைத்து நெளித்து, கல்லும் கட்டையும் போட்டு அழகாக மீட்கும் திட்டங்களும் உண்டு. இப்படி வெவ்வேறு நாடுகளில் நடந்த 78 மீட்புத் திட்டங்களின் முடிவுகளை சூழலியலாளர் மார்கரெட் பால்மரும் அவருடன் இருந்தவர்களும் 2010இல் அலசினார்கள். பூச்சியினங்களின் வகை உண்மையிலேயே கூடியது என்று சொல்லக்கூடியவை இரண்டே இரண்டு. மேலே குழாய் திறந்தே இருக்கும்போது கீழே கல்லை அடுக்கி என்ன பயன்?

தென் கொரியத் தலைநகர் சியோலின் சியோங்கியேசியோன் ஓடையை உங்களில் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். மேம்பாலச் சாலையை இடித்து, அதன் கீழே புதைந்திருந்த ஓடையை 2005இல் வெளியே கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். நகரத்தின் நடுவே மக்கள் தண்ணீரில் கால் நனைத்து உட்காருகிறார்கள், தெருவின் வெப்பம் தணிந்திருக்கிறது, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓடையில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து நாள்தோறும் பம்பு வைத்து ஏற்றப்படுவது. சரிவு முழுதும் மூடிக் கிடப்பதால் ஓடைக்கென்று கசிவுநீர் போதவில்லை. ஓடையைத் திறந்தார்கள், அதன் ஊற்றுக்கண்களைத் திறக்க முடியவில்லை. எங்கள் ஓடையில் இன்னும் மூன்று ஊற்றுக்கண் உயிரோடு இருக்கின்றன. அவற்றை இப்போது காப்பது, பிறகு பம்பு வைப்பதைவிடச் சுலபம்.

எதிர்ப்பக்கத்துச் சான்றும் சொல்லத்தான் வேண்டும். சிங்கப்பூரில் பிஷான்-ஆங் மோ கியோ பூங்கா ஓரமாக ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழையில் ஆறு பரவப் பூங்காவே இடம் தருகிறது. கரையை மண்ணும் வேரும் பிடித்துக்கொள்கின்றன. நகரத்தின் வெள்ளப் பாதுகாப்பு அதனால் குறைந்துவிடவில்லை. இன்னும் எனக்கு நெருக்கமானது மெல்போர்ன் ஓரத்தில் உள்ள லிட்டில் ஸ்ட்ரிங்கிபார்க் என்ற சிற்றோடை. அங்கே ஓடையில் கையே வைக்கவில்லை. அதன் சரிவில் உள்ள வீடுகளிலும் தெருக்களிலும் நூற்றுக்கணக்கில் மழைநீர்த் தொட்டிகளும், மழைநீரை ஊறவைக்கும் பள்ளமான செடிப்பாத்திகளான மழைத்தோட்டங்களும் வைத்தார்கள். கூரை நீர் தொட்டிக்குப் போகிறது, அதைக் கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் பயன்படுத்துகிறார்கள். தெரு நீர் மண்படுகையில் ஊறுகிறது. வருடங்கள் பிடித்தன, பொறுமை பிடித்தது. ஓடை நீரின் பாஸ்பரஸும் வெப்பமும் குறைந்தன.

உங்களிடம் கேட்பவற்றில் முதலானது ஒரு காகித வேலை. மனைப்பிரிவு வரைபடம் மேசைக்கு வரும்போது, ஒவ்வொரு கூரைக்கும் ஒவ்வொரு சாலைக்கும் மழைநீர் எங்கே போய் முடிகிறது என்று அதில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "பொது வடிகாலில் சேரும்" என்ற பதிலோடு விடாதீர்கள். பொது வடிகால் எந்த ஓடையில் திறக்கிறது, அந்த ஓடையின் நீர்பிடிப்பில் ஏற்கெனவே எத்தனை பங்கு இப்படி இணைந்திருக்கிறது என்று ஒரு பதிவேடு வையுங்கள். இன்று ஒவ்வொரு மனைப்பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கிறோம், தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சிறியவை. ஓடைக்கு எல்லாம் சேர்ந்துதான் வருகின்றன.

இரண்டாவது, சிறுமழையைப் பிடிப்பது. உங்கள் விதிகள் பெருமழைக்காக எழுதப்பட்டவை. பல வருடங்களுக்கு ஒருமுறை வரும் பெருமழையில் வெள்ளம் வரக் கூடாது என்று தேக்கக் குளம் வெட்டச் சொல்கிறீர்கள். அந்தக் குளத்தின் வெளிவாயும் பெருமழைக்கு ஏற்ற அகலம். அன்றாடச் சிறுமழை அதில் நிற்காமல் நேரே போய்விடுகிறது. ஓடையைக் கொல்வது அந்தச் சிறுமழைதான். பெருமழை இயற்கையிலும் உண்டு, ஓடையின் உயிர்கள் அதற்குப் பழகியவை. வருடத்தில் ஐம்பது அறுபது முறை கழுவித் துடைக்கப்படுவதற்கு எந்த உயிரும் பழகவில்லை. ஆகவே ஒவ்வொரு மனையிலும் விழும் முதல் 25, 30 மில்லிமீட்டர் மழை அந்த மனையை விட்டு வெளியே போகக் கூடாது என்று விதி எழுதுங்கள். ஊறட்டும், தொட்டியில் நிற்கட்டும், செடி குடிக்கட்டும். முடியாத கற்பனை இல்லை இது. வாஷிங்டன் டி.சி. நகரம் 2013 முதல் பெரிய கட்டுமானங்களுக்கு 1.2 அங்குலம், அதாவது 30 மில்லிமீட்டர் மழையை அங்கேயே பிடிக்கச் சொல்கிறது.

களிமண்ணாயிற்றே, ஊறாதே என்பீர்கள். படுகைக்கு அடியில் துளைக்குழாய் வைத்து மெதுவாக வடிக்கலாம். ஒரு மணி நேரத்தில் வரும் நீர் இரண்டு நாளில் வந்தாலே ஓடைக்கு அது வேறு தண்ணீர். கொசு வரும் என்பீர்கள். கொசு முட்டை பொரிந்து பறக்க ஒரு வாரமளவு தேங்கிய நீர் வேண்டும், மழைத்தோட்டம் சரியாக அமைத்தால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். பராமரிப்பு யார் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் சுலபமான பதில் இல்லை. மண்படுகை அடைபடும், தூர் எடுக்க வேண்டும், செடி சாகும், மாற்ற வேண்டும். அதற்குத் தனியாக ஆளும் பணமும் ஒதுக்காமல் தொடங்கினால் ஐந்து வருடத்தில் எல்லாம் குப்பைத்தொட்டியாகிவிடும். சாலைக்கும் குழாய்க்கும் ஒதுக்குவதைப் போலவே இதற்கும் ஒதுக்குங்கள் என்றுதான் கேட்க முடியும்.

மூன்றாவது, வரைபடத்தில் பெயர் இல்லாத ஓடைகள். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிறு வாரிகள், புல்வெளி நடுவே ஈரக்கோடாகத் தெரியும் ஊற்றுத் தடங்கள். இவற்றைத்தான் முதலில் குழாயில் அடைக்கிறோம், ஏனென்றால் இவற்றைக் கேட்க யாரும் இல்லை. பால்டிமோர் நகர எல்லைக்குள் இருந்த ஓடைகளில் மூன்றில் இரண்டு பங்கு நீளம் புதைந்துபோனது 2008இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது, சிறியவையே அதிகம். ஒரு ஆற்றின் மொத்த ஓட்ட நீளத்தில் பெரும்பகுதி இந்தச் சின்னஞ்சிறு கிளைகள்தான். நைட்ரஜனைப் பெருமளவு பிடித்து வைப்பதும் இவைதான். புதைப்பதற்கு முன் ஒரு மழைநாளில் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டுமானக் காலத்து மண்ணைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, விதி ஏற்கெனவே இருக்கிறது. மண் தடுப்புத் திரை கட்டியிருக்கிறார்களா என்று மழைக்கு முன்னால் போய்ப் பாருங்கள், மழைக்குப் பிறகு அல்ல. எங்கள் சரிவில் திரை கட்டியிருந்தது. அடிப்பக்கம் மண்ணில் புதைக்காமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். ஆய்வுக்கு ஆள் வந்தபோது சாலை போட்டு முடிந்திருந்தது.

இன்னொரு செய்தி எனக்குக் கிடைத்திருக்கிறது. ஓடையின் மறுபக்கச் சரிவுக்கும் மனைப்பிரிவு வரைபடம் தயாராகிறது. அந்தச் சரிவில்தான் அந்த மூன்று ஊற்றுக்கண்களில் இரண்டு இருக்கின்றன. அந்தப் பக்கத்துக் கிளை ஓடையில் போன மாதமும் கல்லைப் புரட்டினேன். மூன்று வால், துடிக்கும் செவுள்கள், மணல் குழலுக்குள்ளிருந்து தலை நீட்டும் புழு, எல்லாம் இருக்கின்றன. பத்துக் கல்லில் பதின்மூன்று வகை.

அந்த வரைபடம் உங்கள் மேசைக்கு வருவதற்கு முன் ஒரு காலை நேரம் வாருங்கள். முதலில் அந்தக் கிளை ஓடையில் ஒரு கல்லைப் புரட்டுவோம், பிறகு குழாய்க்குக் கீழே ஒன்று. அரை மணி நேரம் போதும். வெள்ளைத் தட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் நான் கொண்டு வருகிறேன். உங்கள் பொறியாளர் வரைபடத்தைக் கொண்டுவந்தால், ஊற்றுக்கண்கள் எங்கே இருக்கின்றன என்று அதில் குறித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓடையில் கல் புரட்டும் ஒரு குடியிருப்பாளர்